சங்கரபாண்டியன் துடுப்புப் போட்ட ஐந்து நாள்

நெடும்பாறை அணையில் ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள் என்று சொன்னால் எங்கள் ஊரில் முதலில் சிரிப்பார்கள். பிறகு, "யாரு, முப்பிடாதியைச் சொல்லுதீங்களா?" என்று கேட்பார்கள். அவளேதான். வயது நாற்பத்தொன்று. அணையில் மீன் பிடித்து வீடு வீடாகக் கொண்டுபோய் விற்கிறவள். வாய் கொஞ்சம் நீளம்.

சீடருக்கு வயது அறுபத்து நாலு. பெயர் சங்கரபாண்டியன். முப்பத்தைந்து வருஷம் ரயில் எஞ்சின் ஓட்டி ஓய்வு பெற்றவர். எனக்குத் தெரிந்து அவர் யாரிடமும் எதையும் கற்றுக்கொள்ளப் போன ஆள் கிடையாது. அப்படிப்பட்டவர் போய் நின்றார் என்றால் காரணம் இருக்கவேண்டும். இருந்தது.

அவர் மனைவி உலகம்மாளுக்கு மாசி மாதம் பக்கவாதம் வந்தது. கையும் காலும் மூன்று மாதத்தில் ஒருமாதிரி தேறிவிட்டன. பேச்சுதான் சிக்கிக்கொண்டது. சொல்லவேண்டியது உள்ளே முழுசாக இருக்கும். சொல் வெளியே வர நேரமாகும். பேச்சுப் பயிற்சி கொடுத்த டாக்டரம்மா இதை நன்றாகவே விளக்கினார். சங்கரபாண்டியனும் நன்றாகவே தலையாட்டிவிட்டு வந்தார். ஆனாலும் ஆவணி பிறந்தபோது உலகம்மாள் தன் புருஷனிடம் பேசுவதை அடியோடு நிறுத்தியிருந்தாள்.

பெங்களூரிலிருந்து மகள் சுபத்ரா போன் செய்தாள்.

"அப்பா, வர்ற ஞாயித்துக்கிழம நான் வாரேன். அம்மாவ இங்க கூட்டிட்டு வந்திருதேன்."

"எத்தன நாளைக்கு?"

"பாப்போம்ப்பா."

"நானும் வரட்டுமா?"

"நீங்க கொஞ்ச நாள் அங்கயே இருந்து ரெஸ்ட் எடுங்கப்பா" என்றாள். அவள் நல்ல பிள்ளை. யோசித்துத்தான் சொன்னாள். அன்றைக்கு சங்கரபாண்டியன் மத்தியானம் சாப்பிடவில்லை.

மறுநாள் திங்கள்கிழமை. முன்னறையில் பேப்பரை விரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். புறவாசலில் முப்பிடாதி மீனோடு வந்திருந்தாள். செதில் உரசுகிற சத்தம் கேட்டது. அதற்கு நடுவில் இன்னொரு சத்தமும் கேட்டது.

"கொடுக்காப்புளி மரத்துல... அணிலு... கூடு... கட்டியிருக்கு."

உலகம்மாளின் குரல். சங்கரபாண்டியன் பேப்பரைக் கீழே வைத்தார். ஆறு மாதமாகிவிட்டது அந்தக் குரலை இப்படி நீளமாகக் கேட்டு. எழுந்து புறவாசலுக்குப் போனார். அவரைப் பார்த்ததும் உலகம்மாள் வாயை மூடிக்கொண்டு, மீன் சட்டியைக் குனிந்து பார்த்தாள்.

முப்பிடாதி கூடையைத் தூக்கிக்கொண்டு போனாள். தெருமுனையில் போய் அவளைப் பிடித்தார். பனியனோடுதான் ஓடியிருக்கிறார்.

"உங்கிட்ட பேசுதாளே."

"ஆமா அண்ணாச்சி."

"தினமுமா?"

"வார அன்னைக்கெல்லாம்."

"நீ என்ன கேப்ப?"

"நான் என்னத்தக் கேக்க. செதில் எடுப்பேன்."

"அவள எப்படிப் பேச வைக்கன்னு எனக்குச் சொல்லிக் குடு."

முப்பிடாதி கூடையை இடுப்புக்கு மாற்றினாள். "அதெல்லாம் எனக்குத் தெரியாது அண்ணாச்சி. எனக்கு மீன் பிடிக்கத்தான் தெரியும்."

"அப்ப அதச் சொல்லிக் குடு."

அவர் கிண்டலுக்குச் சொல்லவில்லை என்பது அவருடைய முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. முகத்தில் அவ்வளவு பயம். முப்பிடாதிக்கு இரக்கமாகிவிட்டது.

"நாளைக்கு விடிஞ்சதும் அணைக்கு வாங்க. லுங்கி வேண்டாம், டவுசர் போட்டுட்டு வாங்க."

முப்பிடாதி மீன் பிடிக்கிற விதம் எங்கள் பக்கத்தில் வேறு யாருக்கும் கிடையாது. அணைக்கரையில் ஒரு கம்பெனி சாகசப் படகு என்று போர்டு வைத்து, ஒரே வருஷத்தில் மூடிவிட்டுப் போனது. அவர்கள் விட்டுப்போன இரண்டு கயாக்கை மீனவர் சங்கத்தில் கேட்டு இவள் எடுத்துக்கொண்டாள். ஒன்று ஒற்றை ஆளுக்கு, இன்னொன்று இரண்டு பேருக்கு. கால் நீட்டி உட்கார்ந்து இரண்டு பக்கமும் துடுப்புப் போடுகிற பிளாஸ்டிக் தோணி. பின்னால் ஒரு பைப்புத் துண்டில் தூண்டில் கம்பைச் செருகிவிடுவாள். கம்பில் மாட்டிய ரீலிலிருந்து தங்கூஸ் என்கிற நைலான் நரம்பு நாற்பது முழம் பின்னால் போகும். அதன் நுனியில் ஒரு பொய்மீன். எவர்சில்வர் கரண்டியை வெட்டி, சிவப்பு நூல் சுற்றி, முள் கட்டி, அவளே செய்தது. தோணி போகப் போக அது பின்னால் நீந்தி வரும். உள்ளங்கை அகலத்தில் ஜிலேபிக் கெண்டையும், சமயத்தில் குறவையும் அதைத் துரத்திவந்து கவ்வும். வலைக்காரர்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவள் கூடையைப் பார்த்துவிட்டுக் கேலியை விட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலை சங்கரபாண்டியன் முட்டி வரைக்கும் வருகிற காக்கி டவுசரில் வந்தார். இரட்டைத் தோணியில் அவரை முன்னால் உட்காரவைத்து, மிதவைச் சட்டையை மாட்டிவிட்டு, முப்பிடாதி பின்னால் உட்கார்ந்தாள்.

"போடுங்க துடுப்ப."

போட்டார். வயசுக்கு நல்ல பலம். அக்கரைப் பாறை வரைக்கும் நேர்கோட்டில் போய், சட்டென்று திருப்பி, அதே கோட்டில் வந்து கரை சேர்ந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே வாட்சைப் பார்த்தார்.

"அம்பத்திமூணு நிமிஷம்."

"வாட்ச் எதுக்கு அண்ணாச்சி?"

"வேகம் தெரிய வேண்டாமா?"

"மீன் கேட்டுச்சா?"

பொய்மீன் வந்தது வந்தபடியே இருந்தது. அதில் ஒரு பாசிகூட ஒட்டவில்லை. வழி முழுக்க அது தண்ணீருக்கு மேலேயே தெறித்துக்கொண்டு வந்திருக்கிறது. பின்னால் உட்கார்ந்திருந்த முப்பிடாதி அதைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள். சொல்லவில்லை.

"முன்னாலயே சொல்லியிருக்கலாம்லா" என்றார்.

"சொன்னா கேட்டிருப்பீங்களா?"



புதன்கிழமை அவள் தோணியை எடுக்கவே இல்லை. கரையோரம் முழங்கால் ஆழத்தில் தண்ணீர் தெளிந்து கிடந்தது. ஐந்து முழம் நரம்பில் பொய்மீனைக் கட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"இழுத்துட்டு நடங்க. திரும்பிப் பாத்துக்கிட்டே நடங்க."

அவர் ரோட்டில் நடக்கிற மாதிரி நடந்தார். பொய்மீன் சுழன்று சுழன்று நரம்பை முறுக்கியது.

"இது என்ன அண்ணாச்சி?"

"சுத்துது."

"மீன் சுத்துமா?"

மெதுவாக நடந்தார். சுழல்வது நின்றது. இன்னும் மெதுவாக நடந்தார். வாலை அசைக்கிற மாதிரி இடதும் வலதும் லேசாக ஆடிக்கொண்டு வந்தது. அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. வெட்டின கரண்டித் துண்டு என்று தெரிந்தும், பார்த்தால் மீன்தான். அப்படியே கரையோரமாக அரை மணி நேரம் நடந்திருப்பார். ஆறாவது சுற்றிலோ ஏழாவது சுற்றிலோ, ஒரு குட்டி ஜிலேபி பொய்மீனுக்குப் பின்னால் வருவதைப் பார்த்தார். ஒரு சாண் விட்டு, கூடவே வந்தது. கவ்வவில்லை. போகவும் இல்லை.

"வருது முப்பிடாதி" என்றார் தாழ்ந்த குரலில்.

"வரட்டும்."

அவருக்குப் பொறுக்கவில்லை. அது கவ்வட்டும் என்று நரம்பை வெடுக்கென்று ஒரு இழுப்பு இழுத்தார். குட்டி மீன் அந்த இடத்தில் இல்லை. கலங்கல் மட்டும் இருந்தது.

"ஓடிட்டு."

"இவ்வளவு நேரமும் அது உங்ககூடதான் வந்துச்சு" என்றாள் முப்பிடாதி. அவ்வளவுதான் சொன்னாள். அவர் வீட்டுக்குப் போகிறவரை அதையே நினைத்துக்கொண்டு போனார்.

வியாழக்கிழமை இரட்டைத் தோணியில் போனார்கள். இந்த முறை துடுப்பை மெதுவாகப் போட்டார். நடு அணையில் முப்பிடாதி கேட்டாள்.

"மதினிக்கு வீட்டுல பயிற்சி குடுத்தீங்களாமே. எப்படிக் குடுத்தீங்க?"

சங்கரபாண்டியனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. எஞ்சின் பற்றி யாராவது கேட்டால் அவருக்கு அப்படித்தான்.

"எஞ்சின்ல நானும் அசிஸ்டென்டும் இருப்போம். தூரத்துல சிக்னல் தெரியும். நான் 'பச்சை'ம்பேன். அவன் உடனே 'பச்சை'ன்னு திருப்பிச் சொல்லணும். 'மஞ்ச'ன்னா 'மஞ்ச'. ஒரு செகண்டு தாமதிக்கக் கூடாது. தூங்கிட்டானோன்னு ஆயிரும். முப்பத்தஞ்சு வருஷம் ஒரு சிக்னல் தப்புனது கிடையாது. அதே மாதிரிதான் இவளுக்கும். எதிர்ல உக்கார வச்சு, நான் 'தண்ணி'ம்பேன். அவ 'தண்ணி'ன்னு சொல்லணும். 'தட்டு'. 'தட்டு'. 'சாவி'. 'சாவி'. காலைல அம்பது, சாயங்காலம் அம்பது."

"சொன்னாவளா?"

"பத்து நாள் சொன்னா. நல்லாத்தான் வந்துச்சு. தாமதிச்சா நானே எடுத்துக் குடுப்பேன். அப்புறம் என்னமோ, உக்கார மாட்டேன்னுட்டா."

முப்பிடாதி துடுப்பை மடியில் வைத்தாள். பிறகு கூடைக்குள்ளிருந்து விடியுமுன் பிடித்து வைத்திருந்த ஒரு மீனை எடுத்து, எட்டி அவர் தோளுக்கு முன்னால் நீட்டினாள்.

"இது என்ன மீனு அண்ணாச்சி?"

"இது வந்து..."

"ஜிலேபியா? குறவையா? கெளுத்தியா? சொல்லுங்க."

"இரு, இது..."

"குறவை. சொல்லுங்க, குறவை."

"குறவை."

"இது எங்கன கெடக்கும்? பாறையிலயா? சேத்துலயா? சொல்லுங்க, சேத்துல."

"சேத்துல. நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"என்ன, தண்ணி வேணுமா? கரைக்குப் போவணுமா? கால் மரத்துட்டா? வெயிலா?"

"இல்லட்டி, அந்த..."

"தொப்பியா? வெத்தலையா? பெருசா சொல்லுங்க, கேக்கல."

"என்னப் பேச விடேன்" என்று சங்கரபாண்டியன் துடுப்பைத் தோணியின்மேல் போட்டார்.

முப்பிடாதி நிறுத்திவிட்டாள். "சொல்லுங்க அண்ணாச்சி."

அவர் வாயைத் திறந்தார். அவள் பேசாமல் இருந்தாள். தோணி தானாக ஒரு பக்கம் நகர்ந்தது. தூரத்தில் மதகுப் பக்கம் யாரோ துணி துவைக்கிற சத்தம் கேட்டது.

"என்ன சொல்ல வந்தேன்னு மறந்துட்டு" என்றார்.

முன்பக்கம் உட்கார்ந்திருந்ததால் அவர் முகம் அவளுக்குத் தெரியவில்லை. தோள் குலுங்குவது மட்டும் தெரிந்தது. முப்பிடாதி அந்த மீனைக் கூடைக்குள் போட்டுவிட்டு, சத்தமில்லாமல் கரைப்பக்கம் தோணியைத் திருப்பினாள். கரை வந்ததும் அவர் இறங்குவதற்குக் கை கொடுத்தாள். "கோவமா அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் இல்லை என்று தலையாட்டினார்.

அன்றைக்கு முப்பிடாதிக்கும் மனசு சரியில்லை. பெரிய மனுசரை அழவைத்துவிட்டோமே என்று, வீட்டுக்குப் போய்க் குழம்பில் உப்பை இரண்டு தரம் போட்டதாகப் பிறகு என்னிடம் சொன்னாள். குரு என்றால் குழம்பில் உப்புக் கூடிப்போகக்கூடாது என்று சட்டமா என்ன.

வெள்ளிக்கிழமை அவர் வருவார் என்று அவள் நினைக்கவில்லை. வந்தார். அவளுக்கு முன்னாலேயே வந்து தோணியைக் கழுவி வைத்திருந்தார்.

அணை அன்று அலையில்லாமல் கிடந்தது. சங்கரபாண்டியன் துடுப்பை நீரில் சத்தம் வராமல் விட்டு எடுத்தார். பின்னால் பொய்மீன் தண்ணீருக்குள் நன்றாகவே நீந்தியது. கம்பின் நுனி லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது. அரை மணி, முக்கால் மணி. ஒன்றும் கடிக்கவில்லை.

"முப்பிடாதி."

"சொல்லுங்க."

"அவளுக்கு என்மேல வெறுப்பா?"

முப்பிடாதி கையை நீட்டி, "துடுப்பக் கொஞ்சம் குடுங்க" என்றாள். வாங்கினாள். தன்னுடையதையும் அவருடையதையும் சேர்த்து மடியில் வைத்துக்கொண்டாள்.

தோணி போன வேகத்தில் கொஞ்ச தூரம் போயிற்று. பிறகு வேகம் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது. நரம்பு தொய்ந்தது. நாற்பது முழம் பின்னால் பொய்மீன் மெல்ல மெல்ல அடியில் இறங்குவதை சங்கரபாண்டியன் மனசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். இப்படி நின்றால் மீன் எப்படி வரும் என்று கேட்க வாயெடுத்தார். கேட்கவில்லை.

கம்பு வளைந்தது.

"பிடிங்க அண்ணாச்சி" என்று கம்பை உருவி அவரிடம் நீட்டினாள். அவர் திரும்பி வாங்கி, ரீலைச் சுற்றினார். கையில் உயிர் துள்ளுவது தெரிந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிய ஜிலேபி. முதுகில் பச்சையும் வயிற்றில் மஞ்சளுமாக இருந்தது. முள்ளைக் கழற்றத் தெரியாமல் அதைக் கையில் வைத்துக்கொண்டே பார்த்தார்.

"ஓடுற வரைக்கும் ஒண்ணையும் காணும். நின்னதும் கடிச்சுட்டே. ஏன்?"

"அது அரை மணியா உங்க பின்னாலதான் வந்துக்கிட்டிருந்துச்சு."

"அப்ப ஏன் முந்தியே கடிக்கல?"

"வந்து சேர வேண்டாமா?" என்றாள் முப்பிடாதி.

அவள் முள்ளைக் கழற்றிக் கொடுத்தாள். துடுப்பைத் திரும்ப வாங்கிக்கொள்ள அவருக்கு ஞாபகம் வர நேரமாயிற்று.

சனிக்கிழமை ஒற்றைத் தோணியை அவரிடம் தள்ளிவிட்டாள். "இன்னைக்கு நீங்களே போங்க. நான் கரையில நிக்கேன்."

"நான் தனியாவா?"

"அங்க ரெண்டு பேருக்கு இடமில்ல."

போனார். இந்த முறை நேர்கோட்டில் போகவில்லை. வளைந்து வளைந்து போனார். வளைகிற இடத்தில் துடுப்பை மடியில் வைத்தார். சில இடத்தில் எண்ணி முப்பது வரை நின்றார். சில இடத்தில் எண்ணுவதை மறந்துபோய் நின்றார். கரையிலிருந்து பார்த்த முப்பிடாதிக்குச் சில நேரம் அவர் தூங்கிவிட்டாரோ என்று தோன்றியது. எஞ்சின்காரர் தூங்கமாட்டார் என்று அவளே சமாதானம் சொல்லிக்கொண்டாள். பத்து மணிக்கு வந்து சேர்ந்தபோது கூடையில் நாலு மீன் கிடந்தது.

கரையில் உட்கார்ந்து செதில் எடுக்கும்போது கேட்டார்.

"எவ்வளவு நேரம் நிறுத்தணும்?"

"தெரியாது அண்ணாச்சி."

"உனக்கே தெரியாதா?"

"ஒவ்வொரு தடவையும் அங்கன போய்த்தான் தெரியும்."

"நாலு எடத்துல கடிச்சுது. பத்துப் பன்னெண்டு எடத்துல சும்மா நின்னேன். ஒண்ணும் வரல."

"கடிக்கும்னு நின்னீங்களா?"

"பின்ன எதுக்கு நிப்பாங்க?"

"வருதுன்னு நில்லுங்க. கடிக்கிறதும் கடிக்காததும் அது பாடு."

சங்கரபாண்டியன் கத்தியைக் கழுவினார். அவர் கேட்க நினைத்தது இது இல்லை. ஐந்து நாளாகத் தொண்டையிலேயே இருந்தது வேறு. இப்போது கேட்டார்.

"நாளைக்கு மத்தியானம் சுபத்ரா வந்திருவா. நீ காலைல வந்து உலகம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லேன், போகாதன்னு. நீ சொன்னா கேப்பா."

"கேப்பாவ" என்றாள் முப்பிடாதி. "நான் சொல்லி மதினி இருந்தாவன்னா, எனக்காகல்லா இருப்பாவ."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் மீனைக் கழுவி இலையில் கட்டி அவர் கையில் வைத்தாள். கையை உடனே எடுக்கவில்லை. "போங்க அண்ணாச்சி" என்றாள். "நீங்க நல்லாத் துடுப்புப் போடுதீங்க."

அதுவரை முப்பிடாதி யாரையும் அப்படிச் சொல்லி யாரும் கேட்டது கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்குச் சுபத்ரா காரில் வந்தாள். அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அப்பாவுக்கு ஒரு சட்டை வாங்கி வந்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் அம்மாவின் சேலை, மாத்திரை டப்பா, ஆஸ்பத்திரி ஃபைல் எல்லாவற்றையும் இரண்டு பையில் எடுத்து வைத்தாள். உலகம்மாள் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சங்கரபாண்டியனும் பேசவில்லை. வழக்கமாக, யாராவது ஊருக்குக் கிளம்பினால் ரயில் நேரமும் ரோட்டு நேரமும் சொல்லிக் காதைத் துளைக்கிறவர் அவர். அன்றைக்கு ஒரு நாற்காலியை எடுத்துவந்து உலகம்மாளுக்கு எதிரில் போட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சுபத்ரா பையைக் காரில் வைத்துவிட்டு வந்தாள். "கிளம்பலாமாம்மா?"

உலகம்மாள் எழவில்லை. அவள் உதடு அசைந்தது.

"எனக்கு..."

"என்னம்மா? தண்ணியா? பாத்ரூம் போணுமா? கண்ணாடி பையில வச்சாச்சு. மாத்திரையா?" சுபத்ரா குனிந்து அம்மாவின் முகத்துக்கு நேராகக் கேட்டாள். உலகம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடும் மூடிக்கொண்டது.

மகள் கேட்ட கேள்வியெல்லாம் தன்னுடைய கேள்விகள் என்று சங்கரபாண்டியனுக்குத் தெரிந்தது. எழுந்துபோய் இன்னொரு நாற்காலியைக் கொண்டுவந்து சுபத்ராவுக்குப் பக்கத்தில் போட்டார். ஒன்றும் சொல்லாமல் அவள் தோளைத் தொட்டு உட்கார வைத்தார். சுபத்ரா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்தாள்.

மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஃபேன் ஓடியது. தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு போய், தெருமுனையில் திரும்பி, சத்தம் ஓய்ந்தது.

"எனக்கு..." என்றாள் உலகம்மாள்.

எனக்கு என்ன? எனக்குப் போகணும். எனக்கு வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு. எனக்கு முடியல. சங்கரபாண்டியனின் வாய்க்குள் வரிசையாக வந்து நின்றன. ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுக்க நாக்கு துடித்தது. அவர் எல்லாவற்றையும் விழுங்கினார்.

"உங்க... மேல..."

அவள் அவரைத்தான் பார்த்துச் சொன்னாள். எத்தனை நாளுக்குப் பிறகு அந்தப் பார்வை. அவர் கண் நிறைந்துவிட்டது. துடைக்கக் கையை எடுக்கவில்லை. அசைந்தால் அவள் பயந்துவிடுவாள் என்று பட்டது.

"கோவம்."

சுபத்ரா வாயைப் பொத்திக்கொண்டாள். மன்னிச்சிரு என்று சொல்ல சங்கரபாண்டியனுக்கு உயிரே துடித்தது. தொண்டைவரை வந்துவிட்டது. ஆனால் உலகம்மாளின் கண் இன்னும் எதையோ தேடிக்கொண்டிருந்தது. அவள் முடிக்கவில்லை. அதனால் அவரும் சொல்லவில்லை.

"நெறைய... இருக்கு."

அவர் மெல்லத் தலையசைத்தார்.

உலகம்மாள் மூச்சை இழுத்துவிட்டாள். நெற்றியில் வேர்வை பூத்திருந்தது. வலது கை சேலை நுனியைப் பிடித்துப் பிடித்து விட்டது.

"சொல்லி... முடிக்க..."

ரொம்ப நேரம் ஆயிற்று. எவ்வளவு நேரம் என்று அவர் வாட்சைப் பார்க்கவில்லை. சுபத்ரா ஒருமுறை அப்பாவைப் பார்த்தாள், ஒருமுறை அம்மாவைப் பார்த்தாள். இரண்டு பேரும் அவளைப் பார்க்கவில்லை.

"நாளாவும்" என்றாள் உலகம்மாள்.

பிறகு மகள் பக்கம் திரும்பினாள். "ஏட்டி... பைய எடுத்து... உள்ள வை."

சுபத்ரா அழுதுகொண்டே சிரித்து, எழுந்து வாசலுக்குப் போனாள்.

உலகம்மாள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, சேலையைச் சரிசெய்துகொண்டு, புருஷனைப் பார்த்தாள்.

"மொதல்ல..." என்று ஆரம்பித்தாள்.

சங்கரபாண்டியன் ஒன்றும் சொல்லவில்லை.